நாத்தனார் உண்மையிலேயே சிரித்தாரா?

கேள்வி: நான் தங்கச்சிமடத்தில் வசிக்கிறேன். என் கணவர் ராமேஸ்வரத்திலிருந்து விசைப்படகில் கூலிக்குக் கடலுக்குப் போகிறவர். சென்ற ஆண்டு ஒரு நாள் விடியற்காலையில், அவர் போன படகை நெடுந்தீவுக்கு அருகே இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டதாகச் செய்தி வந்தது. கை நடுங்க அதை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். முதலில் வந்த பதில், தொண்டியில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் நாத்தனார் அந்தச் செய்தியின் கீழ் இட்ட, கண்ணில் நீர் வரச் சிரிக்கும் முகம். துபாயில் இருக்கும் கொழுந்தன் கட்டைவிரலை உயர்த்தினார். சித்தி கும்பிடு போட்டார். அதற்கு முந்தைய மாதம்தான் அடகு வைத்த நகை விஷயமாக எனக்கும் நாத்தனாருக்கும் வாய்த்தகராறு நடந்திருந்தது. மறுநாள் அவர் இரண்டு முறை அழைத்தார், நான் எடுக்கவில்லை. மகனிடம் ஐயாயிரம் ரூபாய் கொடுத்தனுப்பினார், திருப்பி அனுப்பிவிட்டேன். சில வாரங்களில் கணவர் விடுதலையாகி வந்துவிட்டார். ஆனால் அந்தச் சிரிப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். அவர் கடலில் இருக்கும் இரவுகளில் அதை எடுத்துப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வருவதில்லை. வருகிற மீன்பிடித் தடைக்காலத்தில் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். "ஒரு பொம்மைக்காகவா உறவை அறுப்பாய்?" என்று கணவர் கோபப்படுகிறார். அது வெறும் பொம்மைதானா? நான் அந்தக் கல்யாணத்துக்குப் போக வேண்டுமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புச் சகோதரிக்கு, வணக்கம்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்குப் போங்கள். ஆனால் அந்த நிகழ்வுக்குப் பிறகு நீங்களும் நாத்தனாரும் முதன்முறையாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது கல்யாண வீட்டில், நூறு உறவினர் நடுவில் என்று ஆகிவிட வேண்டாம். அதற்கு முன்பே நீங்கள் இருவரும் பேசிவிட வேண்டும். எப்படிப் பேசலாம் என்பதைக் கீழே எழுதுகிறேன். அதற்கு முன், அன்று காலை உங்கள் கைப்பேசியில் நடந்தது என்னவாக இருந்திருக்கும் என்பதைச் சற்று நிதானமாகப் பார்த்துவிடுவோம்.

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை அழுத்திப் பிடித்தால் அதன் மேல் சில படங்கள் ஒரு வரிசையாக வந்து நிற்கும். இந்த வசதி 2022-ல் வந்தபோது அந்த வரிசையில் ஆறு படங்கள் இருந்தன: கட்டைவிரல், இதயம், கண்ணீர் வரச் சிரிக்கும் முகம், வாய் பிளந்து வியக்கும் முகம், அழும் முகம், கும்பிடும் கை. மூன்றாவது சிரிப்பு, ஐந்தாவது அழுகை. இரண்டும் மஞ்சள் உருண்டைகள், இரண்டிலும் நீலத்தில் கண்ணீர் இருக்கிறது. இதில் ஒரு விசித்திரம் உண்டு. அழும் முகத்தில் இருப்பது ஒரேயொரு சொட்டுக் கண்ணீர்தான். சிரிக்கும் முகத்திலோ இரண்டு கண்களிலிருந்தும் பெரிய பெரிய சொட்டுகள் தெறிக்கின்றன. பதற்றத்தில், மூக்குக் கண்ணாடிகூட இல்லாமல், அழுகையைத் தேடுகிற கண்ணுக்கு அதிகமாக அழுவதாகத் தெரியக்கூடிய முகம் எது என்று எண்ணிப் பாருங்கள். வாயின் வளைவைக் கவனித்தால்தான் அது சிரிப்பு என்று தெரியும், அந்த வாயோ அந்தச் சின்னத் திரையில் ஒரு கடுகளவு.

இது நாத்தனாரைக் காப்பாற்றுவதற்காக நான் கற்பனை செய்யும் சமாதானம் அல்ல. ராமநாதபுரத்தில் குடும்ப நல ஆலோசனைக்கு வருகிறவர்களிடம், துக்கச் செய்திக்கு இதே முகத்தைப் போட்டுவிட்டுப் பேரப்பிள்ளை சொன்ன பிறகு பதறிப்போன பெரியவர்களைப் பற்றி நான் பலமுறை கேட்டிருக்கிறேன். இளையவர்களிடம் இது நேர்மாறாக நடக்கிறது. கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் பலர், கண்ணீர் ஆறாக ஓட வாய்விட்டு அழும் முகத்தைத்தான் "சிரித்துச் சிரித்து முடியவில்லை" என்பதற்குப் போடுகிறார்கள். கண்ணீர் வரச் சிரிக்கும் முகம் அவர்களுக்கு அப்பா, அம்மா காலத்துச் சமாச்சாரம். ஆக ஒரே வீட்டில், ஒரே குழுவில், தாய் அழுவதற்குச் சிரிக்கும் முகத்தையும் மகள் சிரிப்பதற்கு அழும் முகத்தையும் போட்டுக்கொண்டிருக்கலாம். இருவருக்குமே தங்கள் கையில் பிழை இருப்பதாகத் தோன்றாது.

பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் அதன் பொருள் என்ன என்பதில் கரையில் இருவருக்குள் சண்டை வராது. 1-ஆம் எண் என்றால் தொலைவில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருக்கிறது, 10-ஆம் எண் என்றால் பேரபாயம், 11-ஆம் எண் என்றால் வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது. எண்ணுக்கு எண் பொருளை வகுத்து வைத்து, அதைத் துறைமுகத்துக்குத் துறைமுகம் ஒன்றாகவே பின்பற்றுகிறார்கள். எமோஜிகளுக்கு அப்படிப் பொருள் வகுத்தவர் எவருமில்லை. கணினி எழுத்துகளுக்கு எண் வகுக்கும் யூனிகோடு அமைப்பு 2010-ல் இருந்து ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண்ணும் பெயரும் கொடுத்துவருகிறது, அவ்வளவுதான். அந்தப் பெயருக்கு எப்படிப்பட்ட முகத்தை வரைவது என்பதை ஒவ்வொரு கைப்பேசி நிறுவனமும் தானே முடிவு செய்கிறது. பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் ஒரு முகம், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தின் கைப்பேசியில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பதுபோல் தெரிந்தது. அனுப்பியவர் மகிழ்ந்ததாக நினைத்தார், பெற்றவர் முறைத்ததாக நினைத்தார். 2016-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தபோது இன்னொன்றும் தெரியவந்தது. ஒரே வடிவில் வரையப்பட்ட ஒரே படத்தைக் காட்டினால்கூட, அது நல்ல உணர்வா, கெட்ட உணர்வா, இரண்டும் இல்லையா என்பதில் நூற்றுக்கு 25 முறை மனிதர்கள் ஒத்துப்போகவில்லை.

இத்தனைக்கும் இந்த முகங்கள் பிறந்ததே தவறான புரிதலைத் தடுப்பதற்காகத்தான். 1982-ல் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில், மின்தூக்கியில் பாதரசம் சிந்திவிட்டதாக ஒருவர் கணினியில் வேடிக்கையாக எழுதியதைச் சிலர் உண்மை என்று நம்பிவிட்டார்கள். வேடிக்கையாக எழுதுவதற்கு ஓர் அடையாளம் இருந்தால் நல்லது என்ற பேச்சு எழுந்தபோது, ஸ்காட் ஃபால்மன் என்ற கணினி அறிஞர் முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்துச் சாய்ந்த ஒரு சிரித்த முகத்தை அந்த ஆண்டு செப்டம்பர் 19 அன்று முன்மொழிந்தார். வேடிக்கை அல்லாததற்கு ஒரு சோக முகத்தையும் கூடவே சொன்னார். இரண்டே அடையாளம், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வேலை. இன்று நம் கையில் ஆயிரக்கணக்கான படங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் பத்து வேலை இருக்கிறது.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். அன்று காலை உங்களுக்கு மூன்று படங்கள் வந்தன. சித்தி போட்ட கும்பிடைப் பற்றி நீங்கள் ஒரு குறையும் எழுதவில்லை. ஆனால் அதே கும்பிடும் கையைத்தான் நம் ஊரில் நன்றிக்கும், மன்னிப்புக்கும், வேண்டுதலுக்கும், "ஆழ்ந்த இரங்கல்" என்பதற்கும் போடுகிறார்கள். கடலில் ஆள் சிக்கிக்கொண்ட வீட்டில் அதை இரங்கலாக வாசித்திருந்தால் உங்கள் நெஞ்சு நின்றிருக்கும். நீங்கள் அப்படி வாசிக்கவில்லை, சித்தி வேண்டிக்கொள்கிறார் என்று வாசித்தீர்கள். படத்தில் அதற்கான சான்று எதுவும் இல்லை. சித்தியை உங்களுக்குத் தெரியும், அவர் மேல் உங்களுக்கு மனத்தாங்கல் இல்லை, அவ்வளவே காரணம். கொழுந்தனின் கட்டைவிரலையும் "பார்த்துவிட்டேன், கவனிக்கிறேன்" என்றே எடுத்துக்கொண்டீர்கள் போலிருக்கிறது. நாத்தனாரின் படம் ஒன்றுக்கு மட்டும், படத்தில் தெரிந்ததை அப்படியே பொருளாகக் கொண்டீர்கள். அதற்கு முந்தைய மாதம் நகைக்காக நடந்த வாய்த்தகராறு அந்த முகத்துக்குக் குரல் கொடுத்துவிட்டது என்பதே என் கணிப்பு.

இப்படி நடப்பதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. எழுத்தில் வருவதற்குத் தொனி கிடையாது, ஆகவே படிக்கிறவர் தன் மனநிலையிலிருந்து ஒரு தொனியை எடுத்துப் போட்டுக்கொள்கிறார். அமெரிக்காவில் ஜஸ்டின் க்ரூகர், நிக்கலஸ் எப்லி முதலிய உளவியலாளர்கள் 2005-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கேலியாகவும் உண்மையாகவும் எழுதிய வாக்கியங்களை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லி, பெறுகிறவர் தொனியைச் சரியாகக் கண்டுபிடிப்பாரா என்று கேட்டார்கள். பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவார் என்று அனுப்பியவர்கள் உறுதியாக நம்பினார்கள். கண்டுபிடித்ததோ பாதிக்குச் சற்று மேல்தான், காசைச் சுண்டிப் பார்த்துச் சொல்வதைவிட அதில் பெரிய வேறுபாடு இல்லை. அதே வாக்கியங்களைக் குரலில் கேட்டவர்கள் நன்றாகவே கண்டுபிடித்தார்கள். எழுதுகிறவருக்குத் தன் குரல் தன் காதில் கேட்டுக்கொண்டே இருப்பதால், அது எதிரில் இருப்பவருக்கும் கேட்கும் என்று எண்ணிவிடுகிறார்.

உங்கள் கணவர் சொல்வதுபோல் இதை ஒரு பொம்மை என்று தள்ளிவிடவும் முடியாது. நம் மாவட்டத்து வழக்குகள் போகும் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே இதே முகத்தைப் பற்றி முடிவு சொல்ல வேண்டி வந்திருக்கிறது. அலுவலக வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெண் அலுவலர் பகிர்ந்த காணொளிக்குக் கண்ணீர் வரச் சிரிக்கும் முகத்தைப் போட்டவர்கள் மேல் வழக்குப் பதிவானது. அந்த முகம் ஒருவர் தன் உணர்வைத் தெரிவிப்பதற்காக இடுவது என்று கூறி, 2018-ல் நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. கட்டைவிரலும் நீதிமன்றம் ஏறியிருக்கிறது. மேலதிகாரி ஒருவர் கொல்லப்பட்ட செய்திக்குக் கட்டைவிரலை இட்டதற்காக ஒரு ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். செய்தியைப் பார்த்ததற்கான அடையாளமாக அதைக் கொள்ளலாமே தவிர, கொலையைக் கொண்டாடியதாகக் கொள்ள முடியாது என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. கனடாவிலோ, ஆளி விதை விற்பனை ஒப்பந்தத்தின் படத்துக்குக் கட்டைவிரலை அனுப்பிய விவசாயி ஒப்பந்தத்துக்குச் சம்மதித்துவிட்டதாகவே 2023-ல் தீர்ப்பாகி, சரக்கைத் தராததற்காக 82,000 டாலருக்கு மேல் இழப்பீடு கட்ட வேண்டியதாயிற்று. அதே கட்டைவிரல், இரண்டு விதமான முடிவு. கனடா நீதிபதி படத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யவில்லை. அந்த விவசாயி முன்பெல்லாம் "சரி" என்று ஒற்றைச் சொல்லில் பதில் அனுப்பிவிட்டுச் சரக்கை ஒழுங்காக அனுப்பி வந்திருக்கிறார் என்ற பழக்கத்தைப் பார்த்தார். நீங்களும் அதையே செய்யுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. படம் என்ன சொல்கிறது என்பதை விட்டுவிட்டு, அதை இட்டவர் அதற்கு முன்னும் பின்னும் என்ன செய்தார் என்று பாருங்கள்.

அப்படிப் பார்ப்பதற்கான சான்றுகளை உங்கள் கடிதத்திலேயே, போகிற போக்கில், நீங்கள் தந்துவிட்டீர்கள். மறுநாள் இரண்டு முறை அழைத்திருக்கிறார். எடுக்கவில்லை என்றதும் தொண்டியிலிருந்து மகனைப் பணத்தோடு அனுப்பியிருக்கிறார். பிடிபட்டவர் அவருடைய உடன்பிறந்த தம்பி. தம்பி யாழ்ப்பாணச் சிறைக்குப் போவானா, மன்னாருக்குப் போவானா என்று தெரியாத நேரத்தில், குடும்பம் முழுவதும் பார்க்கும் இடத்தில், ஓர் அக்கா சிரித்துக் காட்டுவாரா? அடகு நகைக்காக உங்கள் மேல் கோபம் இருந்திருக்கலாம், அதற்காகத் தம்பி பிடிபட்டதில் மகிழ்வார் என்பது எனக்குப் பொருந்திவரவில்லை. இன்னொன்று, செய்தியின் கீழ் இட்ட படத்தை எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம், மாற்றலாம். கேலிக்காக இட்டவர் மாட்டிக்கொள்ளாமல் அன்றே எடுத்திருப்பார். இவருடையது இன்னும் அப்படியே இருக்கிறது என்றால், தான் இட்டது சிரிப்பு என்பதே இவருக்கு இன்றுவரை தெரியாமல் இருக்கவும் கூடும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்திய வரி, கணவர் கடலில் இருக்கும் இரவுகளில் அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பார்க்காமல் தூக்கம் வருவதில்லை என்பது. அன்று விடியற்காலையில் நீங்கள் அடைந்த அச்சம் இன்னும் முடியவில்லை. படகு திரும்பி வருமா என்ற அச்சத்தோடு தனியாகப் படுத்திருப்பதைவிட, யார் மேலாவது கோபத்தோடு படுத்திருப்பது மனத்துக்குச் சற்று எளிது. நாத்தனாரோடு சமாதானமாகிவிட்டால்கூட இந்த அச்சம் தானாகப் போய்விடும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். அது தொடர்ந்தால், நெஞ்சு படபடப்பும் கெட்ட கனவுகளும் இருந்தால், ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவை அணுகுங்கள், அல்லது 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி இலவச எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசுங்கள். கடலுக்கு ஆள் அனுப்பும் வீட்டில் இப்படி ஆவது பலவீனம் அல்ல. ஸ்கிரீன்ஷாட்டை இன்றே அழித்துவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரவில் உங்கள் கைக்கு எட்டாதபடி, உங்கள் சித்தியின் கைப்பேசிக்கு அனுப்பிவிட்டு உங்களுடையதிலிருந்து நீக்கிவிடுங்கள்.

நாத்தனாரிடம் பேசுவதைத் தடைக்காலம் தொடங்கியதும் வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் 61 நாள் கரையில் நிற்கும், கணவர் வீட்டில் இருப்பார், உங்கள் மனமும் சற்று அடங்கியிருக்கும். முடிந்தால் தொண்டிக்கு நேரில் போங்கள், முடியாவிட்டால் அழைத்துப் பேசுங்கள். எழுதிக் கேட்காதீர்கள், குழுவில் கேட்கவே கேட்காதீர்கள். கணவரையோ நாத்தனாரின் மகனையோ தூது அனுப்பினால் உங்கள் கேள்வி அவர்கள் வாயில் குற்றச்சாட்டாக மாறிவிடும். "ஏன் சிரிச்சீங்க?" என்று தொடங்கினால் அவர் தற்காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார், பழைய நகைக் கதையும் கூடவே வந்துவிடும். இப்படித் தொடங்கிப் பாருங்கள்: "மதினி, படகு பிடிபட்ட அன்னைக்கு நான் போட்ட சேதிக்குக் கீழே நீங்க போட்டிருந்தது என் போன்ல சிரிக்கிற முகமாத் தெரிஞ்சுது. அன்னையிலிருந்து மனசு ஆறலை. நீங்க என்ன நினைச்சுப் போட்டீங்க?" கேட்டுவிட்டு அவர் பேசி முடிக்கும்வரை காத்திருங்கள். அழைப்பை எடுக்காததையும் பணத்தைத் திருப்பியதையும் அவர் சொல்லிக் காட்டினால் மறுக்காதீர்கள், அவருக்கும் அதில் மனக்காயம் இருக்கும்.

என் கணிப்பு பொய்த்து, "ஆமாம், அன்றைக்குக் கோபத்தில்தான் போட்டேன்" என்று அவர் சொல்லவும் வாய்ப்பு உண்டு. அப்படியானால் அது பெரிய தவறுதான், அதை அவருடைய முகத்துக்கு நேராகவே நீங்கள் சொல்லலாம். அந்த நிலையிலும் கல்யாணத்துக்குக் கணவரோடு போய், வாழ்த்தி, சாப்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள், ஏனெனில் அந்தப் பெண் உங்களுக்கு எதுவும் செய்யவில்லை. நாத்தனாரோடு பழையபடி பழக வேண்டும் என்ற கட்டாயம் அப்போது உங்களுக்கு இல்லை. மொய்யோடு நின்றுகொள்ளலாம்.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. சிறையிலிருந்து வந்தவர் அவர், அவருடைய துன்பம் பெரிது, மறுக்கவில்லை. ஆனால் அவர் அங்கே இருந்த நாட்களில் வீட்டில் என்ன நடந்தது என்பதை "பொம்மை" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டால், அதைச் சொல்ல உங்களுக்கு ஆளே இல்லாமல் போகிறது. இந்தப் பத்தியை அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

எல்லாம் சரியான பிறகு உங்கள் குடும்பக் குழுவில் ஒரு பழக்கத்தைக் கொண்டுவரலாம். படகு, மருத்துவமனை, இறப்பு ஆகிய மூன்று செய்திகளுக்கும் வெறும் படத்தை மட்டும் யாரும் இடுவதில்லை. எழுத வராத பெரியவர்கள் மைக்கை அழுத்திப் பிடித்து "பார்த்தேன்மா, இப்பவே கூப்பிடுறேன்" என்று சொன்னால் போதும். வெளிநாட்டில் வேலை நேரத்தில் இருப்பவரும் அந்த மூன்று சொல்லைத் தட்டிவிட முடியும். ஆனால் இதை நீங்கள் முன்மொழிய வேண்டாம், நாத்தனாரைக் குத்துவதற்காகச் சொன்னதுபோல் ஆகிவிடும். துபாயிலிருக்கும் கொழுந்தன் சொல்லட்டும், அவர் போட்ட கட்டைவிரலையே எடுத்துக்காட்டாகச் சொல்லித் தொடங்கினால் யாருக்கும் வருத்தம் இராது.